டான்பரி ட்ராஷர்ஸ்: இரண்டே பருவம் ஆடி மூடிய ஓர் ஐஸ் ஹாக்கி அணி

இது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2004 முதல் 2006 வரை நடந்த சம்பவம். வழக்கு நீதிமன்றம் வரை போய் முடிந்தும் விட்டது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் பொதுப் பதிவில் இருக்கின்றன, ஆனால் இங்கே அவை தேவைப்படாது. யார் எந்தப் பொறுப்பில் இருந்தார், அந்த இடத்தில் என்ன முடிவெடுத்தார் என்பதை மட்டும் பார்க்கலாம். சிறு லீக் நடத்துகிறவர்களுக்கும் ஊர்க் கிளப் நடத்துகிறவர்களுக்கும் உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

பின்னணி: ஊர்

நியூயார்க் மாநில எல்லையை ஒட்டிய ஊர் டான்பரி. ஒரு காலத்தில் தொப்பி என்றால் டான்பரி என்று பேர் வாங்கிய ஊர். ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் பயன்படுத்தினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கும். அந்த நடுக்கத்துக்கே ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். 1941இல் பாதரசத்துக்குத் தடை வந்தது. அப்புறம் தொப்பி போடும் வழக்கமே குறைந்து, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஊர்க்காரர்கள் மட்டும் இன்றைக்கும் தங்கள் ஊரைத் தொப்பி நகரம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஹாக்கி விஷயத்திலும் இந்த மாநிலத்துக்கு ஒரு குறை இருந்தது. வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் இங்கிருந்து ஆடிய ஒரே அணியான ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ் 1997இல் மூட்டை கட்டிக்கொண்டு வட கரோலினாவுக்குப் போய்விட்டது. ரசிகர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அணி இல்லை. டான்பரியில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் உட்காரும் அளவுக்குப் பிற்பாடு விரிவாக்கப்பட்ட ஓர் ஐஸ் அரங்கமும் இருந்தது.

பின்னணி: லீக்

வட அமெரிக்க ஹாக்கி ஒரு படிக்கட்டு. உச்சியில் என்.எச்.எல்., அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அப்புறம் ஈ.சி.எச்.எல். அதற்கும் கீழே தனித்தனிச் சிறு லீக்குகள். அவற்றில் ஒன்று யு.எச்.எல். எனப்பட்ட யுனைடெட் ஹாக்கி லீக். 1991இல் கலோனியல் ஹாக்கி லீக் என்ற பெயரில் தொடங்கி, 1997இல் பெயர் மாற்றியது. மிச்சிகனின் ஃபிளின்ட், மஸ்கீகன், கலமசூ, இந்தியானாவின் ஃபோர்ட் வெய்ன் போன்ற தொழில் நகரங்கள்தான் அதன் அடித்தளம்.

இப்படிப்பட்ட லீக்கில் கிளப்புக்குத் தொலைக்காட்சிப் பணம் வராது. டிக்கெட், பீர், பாப்கார்ன், உள்ளூர்க் கடைகளின் விளம்பரம், அவ்வளவுதான் வருமானம். பணக்கார முதலாளி ஒருவர் வந்து சம்பளத்தை ஏற்றிவிட்டால் மற்ற ஊர்கள் ஈடுகொடுக்க முடியாமல் மூடும். ஊர்கள் மூடினால் எதிராளி இல்லாமல் அந்த முதலாளியின் அணிக்கும் ஆட்டம் கிடையாது. அதனால்தான் சம்பள உச்சவரம்பு வைத்தார்கள். அப்போது யு.எச்.எல்.லில் அது அணிக்கு ஒரு பருவத்துக்கு 2,75,000 டாலர். நியாயமான போட்டிக்காக என்று சொன்னாலும், லீக் உயிரோடு இருக்கவே இந்த விதி வேண்டியிருந்தது.

அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை புரியும். ஓர் அணியில் இருபது பேர் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்குச் சுமார் 13,750 டாலர். பருவம் ஆறு மாதம், அதாவது வாரத்துக்கு ஐந்நூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே. இதற்காக ஒருவர் பேருந்தில் பல மணி நேரம் போய், பல்லை இழந்து, அடுத்த நாள் இன்னோர் ஊரில் ஆட வேண்டும். மனைவி, குழந்தை இருக்கிற ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு இன்னொரு முந்நூறு டாலர் என்பது சாதாரண விஷயமில்லை. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டது இந்த இடைவெளிதான்.

அணி உருவானது: 2004

டான்பரியில் குப்பை அள்ளும் தொழிலில் பெரிய ஆளாக இருந்த ஒருவர் யு.எச்.எல்.லில் ஒரு புதிய அணிக்கான உரிமையை வாங்கினார். ஏற்கெனவே வரி தொடர்பான குற்றத்துக்காக ஒரு முறை சிறை சென்று வந்தவர். ஊரில் கொடைக்கும் பேர் பெற்றவர். அவருடைய லாரி போகாத தெரு குறைவு. அணியின் தலைவராகவும் பொது மேலாளராகவும் தன் மகனை உட்கார வைத்தார். மகனுக்கு அப்போது வயது 17.

அணிக்கு மகன் வைத்த பெயர் ட்ராஷர்ஸ். குடும்பத் தொழில் குப்பை, அதனால் அந்தப் பெயர். சின்னத்திலும் ஹாக்கி மட்டையோடு ஒரு குப்பைத்தொட்டி. வெட்கப்பட வேண்டிய விஷயத்தை முன்னால் தூக்கிப் பிடித்துக் காட்டியதில் ஒரு துணிச்சல் இருந்தது. அது விற்கவும் செய்தது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் பையனின் வயதில்தான் நிற்கிறார்கள். பள்ளிக்கூடப் பையனிடம் அணியைக் கொடுத்தால் வேறு என்ன ஆகும் என்று. என் கருத்து வேறு. பையன் எடுத்த விளையாட்டு முடிவுகளில் பெரும்பாலானவை வியாபார ரீதியில் கூர்மையானவை. தொலைக்காட்சி மல்யுத்தத்தில் வரும் வில்லன் கோஷ்டி மாதிரி ஓர் அணி வேண்டும் என்று நினைத்தான், அப்படியே கட்டினான். கோளாறு ஐஸ் மேல் இல்லை, சம்பளப் பதிவேட்டில் இருந்தது.

கவனித்தவை: ஐஸ் மேல்

ஐஸ் ஹாக்கியில் சண்டை விதிமீறல்தான், ஆனால் விளையாட்டு அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இருவர் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடிப்பார்கள். நடுவர்கள் சற்றுத் தள்ளி நிற்பார்கள். ஒருவர் விழுந்ததும் உள்ளே புகுந்து பிரிப்பார்கள். இருவரும் ஐந்து ஐந்து நிமிடம் பெனால்டி பாக்ஸில், அதாவது ஐஸுக்கு வெளியே தண்டனையாக உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் ஓர் ஆள் என்பதால் ஐஸில் ஆள் எண்ணிக்கை மாறாது, ஆட்டம் தொடரும். சிறு லீக்குகளில் இந்தச் சண்டைக்காகவே டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு.

டான்பரி அதைத்தான் முதல் சரக்காக வைத்தது. முந்தைய பருவத்தில் இன்னொரு யு.எச்.எல். அணிக்காக ஆடி, பெனால்டி நிமிடங்களில் பேர் வாங்கிய முரட்டு ஆட்டக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவரைப் போலவே இன்னும் சிலர். ஆனால் அடியாட்களை மட்டும் வைத்து ஆட்டம் ஜெயிக்க முடியாது என்பது பொது மேலாளருக்குத் தெரிந்திருந்தது. கோல் அடிக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்தார்.

அந்த ஆண்டு நேரமும் அவர்களுக்குக் கைகொடுத்தது. 2004 செப்டம்பர் 16 அன்று என்.எச்.எல். முதலாளிகள் ஆட்டத்தை நிறுத்தி, ஆட்டக்காரர்களுக்குக் கதவை அடைத்தார்கள். 2005 பிப்ரவரியில் முழுப் பருவமும் ரத்தானது. வேலையில்லாமல் நின்ற என்.எச்.எல். ஆட்டக்காரர்கள் ஆடக் கிடைத்த இடத்தில் ஆடினார்கள். 2003இல் நியூ ஜெர்சி டெவில்ஸுக்காக, என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை முடிவு செய்த கோலை அடித்தவர், 2004–05 பருவத்தில் டான்பரியில் குப்பைத்தொட்டிச் சின்னம் போட்ட சட்டையில் நின்றார். ஹாக்கியின் மிகப் பெரிய நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கியின் தம்பியும் இந்த அணிக்கு ஆடியவர்தான்.

என்.எச்.எல். கதவை அடைத்ததற்குக் காரணமே சம்பள உச்சவரம்புத் தகராறு. ஒரு பருவத்தையே பலி கொடுத்து, அணிக்கு 3.9 கோடி டாலர் என்ற வரம்பைக் கொண்டுவந்தார்கள். அதே மாதங்களில் படிக்கட்டின் அடியில் இருந்த டான்பரியில், ஏற்கெனவே இருந்த வரம்பு சத்தமில்லாமல் மீறப்பட்டுக்கொண்டிருந்தது.

கவனித்தவை: கணக்கில்

பின்னர் நீதிமன்றத்தில் வந்த விவரப்படி, சில ஆட்டக்காரர்களோ அவர்களுடைய மனைவிமாரோ உரிமையாளரின் குப்பை நிறுவனங்களில் ஊழியர்களாகக் காட்டப்பட்டார்கள். அவர்கள் அங்கே வேலைக்குப் போகவில்லை. சம்பளக் காசோலை மட்டும் வந்தது. கிளப் லீக்குக்கு அனுப்பிய கணக்கில் இந்தத் தொகை இடம்பெறவில்லை. ஏட்டில் அணி வரம்புக்குள் இருந்தது. உண்மையில் அணியின் சம்பளச் செலவு 7,50,000 டாலரை ஒட்டி இருந்ததாக மதிப்பிட்டார்கள். அதாவது வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இதைக் கண்டுபிடிக்க லீக்கிடம் என்ன வழி இருந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. யாரைச் சோதிக்க வேண்டுமோ அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் தாள்தான் சோதனை. ஆனால் அந்தத் தாளைப் பார்க்காமலே ஊகித்திருக்கலாம். சிறு லீக்கில் எந்த ஆட்டக்காரர் என்ன விலைக்கு வருவார் என்பது எல்லாப் பொது மேலாளர்களுக்கும் மனப்பாடம். டான்பரியின் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து, பக்கத்தில் சந்தை விலையை எழுதிக் கூட்டிப் பார்த்தாலே 2,75,000க்குள் அது அடங்காது என்று தெரிந்துவிடும். முறையாகக் கேட்பது யார் வேலை என்பதுதான் எங்கும் எழுதப்படவில்லை. புதிய அணி உரிமைப் பணம் கட்டியிருக்கிறது, அரங்கம் நிறைகிறது, செய்தித்தாளில் பேர் வருகிறது. இப்படி இருக்கும்போது தலைமை அலுவலகத்துக்குக் கேள்வி கேட்கும் அவசரம் வராது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உரிமையாளர் பக்கம் பார்த்தால், செலவைக் குப்பை நிறுவனங்களின் தலையில் கட்டியது அவருக்கு இரண்டு வகையில் வசதி. நல்ல ஆட்டக்காரர் கிடைப்பார், அந்தச் சம்பளம் வேறொரு தொழிலின் செலவாகக் கணக்கில் ஏறும். ஆனால் அந்த வசதிதான் ஹாக்கி விதிமீறலைக் கூட்டாட்சிக் குற்றமாக மாற்றியது. உச்சவரம்பை மீறினால் லீக் அபராதம் போடும், புள்ளியைக் குறைக்கும். பொய்க் கணக்கை மாநில எல்லை தாண்டித் தொலைத்தொடர்பு வழியாக அனுப்பினால் அது மோசடிச் சட்டத்துக்குள் வந்துவிடும். இந்த வித்தியாசத்தை யாராவது ஒரு வழக்கறிஞர் முதல் மாதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆட்டக்காரர்கள் பக்கம் முடிவு எளிது. வாரம் ஐந்நூறு டாலருக்கு ஆடுகிறவரிடம், “உன் மனைவிக்கும் ஒரு வேலை போட்டுத் தருகிறோம்” என்றால் அவர் விசாரணைக் கமிஷன் வைக்க மாட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லீக் எடுத்த முடிவுதான் உண்மையில் ஆராய வேண்டியது. 2005 ஜூலையில் எஃப்.பி.ஐ. உரிமையாளரின் நிறுவனங்களில் சோதனை நடத்தியது. அது ரகசியமாக நடக்கவில்லை, ஊரே பேசியது. சோதனை குப்பைத் தொழில் சம்பந்தமானது, யார் மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. அதைச் சாக்காக வைத்து அணியை நிறுத்தினால் ஓர் ஊரும் ஒரு கூட்டமும் போகும், ஒருவேளை வழக்கும் வரும். நிறுத்தாமல் விட்டதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் நிறுத்துவதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவே ஒரு தணிக்கை செய்திருக்கலாம். 2005–06 பருவம் வழக்கம்போலத் தொடங்கி, டான்பரி முழுப் பருவமும் ஆடியது.

இரண்டாவது பருவம்

அந்தப் பருவத்தில் அணி இறுதிச் சுற்றுவரை போனது. லீக்கின் கலோனியல் கோப்பைக்கான இறுதித் தொடரில் கலமசூ விங்ஸிடம் தோற்றது. கள்ளக் கணக்கில் ஆள் சேர்த்தும் கோப்பை கிடைக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். ஹாக்கியில் பணம் இறுதிச் சுற்றுவரை கூட்டிப் போகும், அதற்கு மேல் கோல் காப்பாளரும் அதிர்ஷ்டமும்.

என்ன தொடர்ந்தது

2006 ஜூனில் குற்றப்பத்திரிகை வந்தது. 29 பேர் மீது நடவடிக்கை. ஹாக்கி அதில் ஒரு பகுதி மட்டும்தான். பெரும்பகுதி குப்பைத் தொழில் பற்றியது. நிறுவனங்கள் வாடிக்கையாளர்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒருவருடைய வாடிக்கையாளரிடம் இன்னொருவர் குறைந்த விலை சொல்ல மாட்டார், வேண்டுமென்றே கூட்டிச் சொல்வார். இந்த ஏற்பாட்டுக்குப் பாதுகாப்பாக நியூயார்க்கின் ஜெனோவீஸ் மாஃபியா குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முதியவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,000 டாலர் கப்பம் போனது என்றது அரசுத் தரப்பு.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ரசிகரின் நிலை விசித்திரமாக இருக்கிறது. அரசுத் தரப்பு சொன்ன கணக்குப்படி, டான்பரியில் கடை வைத்திருந்த ஒரு ஹாக்கி ரசிகர் அணிக்கு இரண்டு முறை பணம் கட்டினார்: டிக்கெட் கவுண்டரில் ஒரு தரம், ஏற்றிப் போட்ட குப்பை பில்லில் இன்னொரு தரம்.

கைது நடந்த கையோடு அணி மூடப்பட்டது. விற்கவோ கைமாற்றவோ வழி இருக்கவில்லை. அரங்கத்தின் வார இறுதிகள் காலியாகின. ஆட்டக்காரர்கள் வேறு அணிகளைத் தேடிப் போனார்கள். 2007இல் உரிமையாளரோடு தொடர்புடைய இன்னொரு விவகாரத்தில் ஒரு மாநில செனட்டர் பதவி விலகினார். அது தனிக் கதை. இங்கே சொல்லக் காரணம், இந்த மனிதரின் செல்வாக்கு ஐஸ் அரங்கத்தோடு நிற்கவில்லை என்பதுதான்.

2008 ஜூனில் உரிமையாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவற்றில் ஒன்று, தொலைத்தொடர்பு வழி மோசடிக்கான சதி. லீக்கின் சம்பள வரம்பை ஏமாற்றிய விஷயம் அதற்குள்தான் வருகிறது. தண்டனை 87 மாதச் சிறை. இருபத்தைந்து நிறுவனங்களில் தனக்கிருந்த பங்கை அரசிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மகன் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. பிற்பாடு அதே ஊரில் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் தொடங்கினார்.

லீக்கும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 2007இல் ஐ.எச்.எல். (இன்டர்நேஷனல் ஹாக்கி லீக்) என்று பெயர் மாற்றி, 2010இல் முடிந்துபோனது. இதற்கு டான்பரிதான் காரணம் என்று சொல்ல முடியாது. சிறு ஊர்களின் கணக்கு ஏற்கெனவே இடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஊருக்கு அப்புறம் என்ன ஆனது

இந்தப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. முதலாளி போனபின் டான்பரியில் ஹாக்கி போகவில்லை. 2008இல் மேட் ஹாட்டர்ஸ் என்று ஓர் அணி வந்து ஒரு பருவம் ஆடியது. 2010இல் டான்பரி வேலர்ஸ் வந்தது. ஹார்ட்ஃபோர்ட் இழந்த பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அந்த அணி 2013இல் தன் லீக்கின் கோப்பையை வென்றது. அடுத்து டைட்டன்ஸ், 2017 வரை. 2019இல் ஹாட் ட்ரிக்ஸ் தொடங்கி, 2023இல் தன் லீக்கின் கோப்பையை வென்றது. இவை எல்லாம் யு.எச்.எல்.லை விடக் கீழ்ப்படி லீக்குகளின் அணிகள்.

ட்ராஷர்ஸுக்குக் கூட்டம் வந்தது ஒரு மனிதரின் பணத்தால் மட்டும் என்றால் இத்தனை அணிகள் அடுத்தடுத்து முளைத்திருக்காது. ஊரில் தேவை இருந்தது. மூவாயிரம் இருக்கை, சண்டையும் கோலும் பார்க்க வரும் ஜனம், உள்ளூர் விளம்பரம்: இதை வைத்து 2,75,000 டாலர் சம்பள அணியை நேர்மையாகவே ஓட்டியிருக்க வாய்ப்பு இருந்தது. சண்டை, சின்னம், வில்லன் வேஷம் எல்லாம் வரம்புக்குள்ளேயே கிடைக்கக்கூடிய சரக்கு. வரம்பை மீறி வாங்கியது கூடுதலாகச் சில வெற்றிகளை மட்டும்தான்.

மாற்ற வேண்டியவை

முதலில் சம்பளக் கணக்கு. கிளப் தரும் தாளை மட்டும் நம்பாமல், ஆட்டக்காரரும் அவர் குடும்பத்தாரும் உரிமையாளருக்குச் சொந்தமான எந்த நிறுவனத்திலிருந்தும் சம்பளம் வாங்குகிறார்களா என்று ஆட்டக்காரரிடமே எழுதி வாங்க வேண்டும். பருவம் முடிந்தபின் வருமான வரிக்கான சம்பளப் படிவத்தை ஒரு வெளித் தணிக்கையாளர் பார்க்கலாம். அமெரிக்காவில் அந்தப் படிவத்தில் சம்பளம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். குப்பை நிறுவனத்தின் பெயரில் ஹாக்கி ஆட்டக்காரருக்குப் படிவம் வந்தால் கேள்வி தானாக எழும். உண்மையிலேயே வேலை செய்கிற மனைவிக்கு இதனால் பாதிப்பில்லை. அந்தச் சம்பளத்தை அறிவித்துவிட்டால் போதும், வரம்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று லீக் முடிவு செய்யும்.

இரண்டாவது, மற்ற கிளப்புகள் புகார் சொல்ல ஒரு வழி. அரங்கத்துக்கு வெளியே முணுமுணுப்பதைக் காகிதத்தில் கொண்டுவந்தால் தலைமை அலுவலகம் கண்டும் காணாமல் இருக்க முடியாது. மூன்று கிளப்புகள் சேர்ந்து எழுதிக் கேட்டால் தணிக்கை கட்டாயம் என்று விதியிலேயே சேர்த்துவிடலாம். ஒரே கிளப் பொறாமையில் எழுதுவதற்கும் இது தடை.

மூன்றாவது, 2005 ஜூலை மாதிரியான நிலைமைக்கு ஒரு நடைமுறை. உரிமையாளரின் தொழிலில் அரசு சோதனை நடந்தால், குற்றம் முடிவாகும்வரை அணியை நிறுத்தாமல், பணப் பொறுப்பை மட்டும் லீக் ஏற்கும் ஒருவரிடம் தற்காலிகமாக மாற்றுவது. டான்பரியில் அப்படிச் செய்திருந்தால் பதினொரு மாத அவகாசம் கிடைத்திருக்கும். அதற்குள் அணியை வாங்க வேறொருவரைத் தேடியிருக்கலாம்.

நான்காவது அரங்கத்தை நடத்துகிறவர்களுக்கு. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பருவத்து வாடகையை முன்பணமாக வாங்கி வைப்பதும், அணி மூடினால் அந்த இரவுகளை உடனே வேறு அணிக்குக் கொடுக்கும் உரிமையை எழுதி வாங்குவதும் நல்லது. டான்பரியில் அடுத்த அணி வர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது.